நூறா, முந்நூறா: தொழிலாளர் சட்டத் திருத்தமும் முதலாளிகளின் கணக்கும்

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று 29 பழைய சட்டங்களை நான்காக அடக்கிய ஏற்பாடு இது. தொழில் கூட்டமைப்புகள் வரவேற்று அறிக்கை விட்டன. பி.எம்.எஸ். நீங்கலாக மற்ற மத்தியத் தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. முதலாளிகள் ஒருபக்கம், தொழிலாளர்கள் மறுபக்கம் என்று செய்தி முடிந்துபோனது.

முதலாளிகள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. கோவை கணபதியில் பதினெட்டுப் பேரை வைத்து பம்ப் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைக்காரர், திருப்பூரில் அமெரிக்க பையருக்குப் பனியன் தைத்து அனுப்பும் ஏற்றுமதியாளர், திருபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம், சிறுசேரி மென்பொருள் கம்பெனியின் மனிதவளத் துறைத் தலைவர் ஆகிய எல்லோருமே சட்டத்தின் பார்வையில் ‘வேலையளிப்பவர்’தான். ஆனால் ஒருவர் கேட்கும் திருத்தம் இன்னொருவருக்குப் பொருட்டே இல்லை. சில சமயம் தலைவலியாகவும் இருக்கிறது. ஐம்பது வருடமாக இவர்கள் பெயரால் கேட்கப்பட்டதையும், இவர்களுக்குக் கிடைத்ததையும், சட்டம் மாறும்வரை காத்திராமல் இவர்களே செய்துகொண்டதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் படம் வேறாகத் தெரிகிறது.

கதை சென்னையில்தான் தொடங்குகிறது. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி, தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணையும் வாங்கியது. தென்னிந்திய முதலாளிகளின் கூட்டமைப்பு 1920இல் இதே நகரத்தில்தான் உருவானது. வழக்கில் பின்னி ஜெயித்தது. வாடியா சங்கப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் சங்கம் வைப்பதையே சிவில் குற்றமாக்க முடியும் என்ற நிலை நாடு முழுவதும் பேச்சானது. என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் பிரச்சினையைக் கொண்டுபோக, கடைசியில் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. முதலாளிகள் நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி, அவர்கள் விரும்பாத சட்டத்துக்கே வழி திறந்துவிட்டது. இந்தத் திருப்பம் பின்னாளிலும் சில முறை நடந்திருக்கிறது.

இன்றைய வாதத்தின் மையம் ஓர் எண். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஐந்து-பி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. முந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலை, தோட்டம், சுரங்கம் எதுவானாலும் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அது. 1982இல் திருத்தி, 1984 முதல் அந்த முந்நூறை நூறாக இறக்கினார்கள். அன்றிலிருந்து முதலாளிகள் சங்கங்கள் கொடுத்த மனுக்களில் இது இடம்பெறாத ஆண்டு அநேகமாக இல்லை. 2001 பட்ஜெட் உரையில் யஷ்வந்த் சின்ஹா நூறை ஆயிரமாக்கப் போவதாகச் சொன்னார், நடக்கவில்லை. ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002இல் சட்டங்களைத் தொகுக்கச் சொன்னது. 2014இல் ராஜஸ்தான் தன் மாநிலத்துக்கு மட்டும் முந்நூறாக்கிக்கொண்டது. இப்போதைய தொழிலுறவுத் தொகுப்பு நாடு முழுவதற்கும் அதே முந்நூறை வைத்திருக்கிறது. சுற்றிச் சுற்றி 1976க்கே திரும்பியிருக்கிறோம்.

இந்த அனுமதி விதியை முதலாளிகள் நீதிமன்றத்திலும் விடாமல் எதிர்த்தார்கள். பம்பாய் ஆயத்த ஆடை நிறுவனமான எக்ஸெல்சியர் வேர் 1978இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. மூடுவதற்கு அனுமதி கேட்கச் சொல்லும் பிரிவு அடிபட்டது. பிறகு அதையே காரணம் காட்டும் கடமையோடும் கால வரையறையோடும் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். மற்ற பிரிவுகளின் கதி தமிழ்நாட்டு ஆலைகளின் வழக்குகளில் முடிவானது. ஆட்குறைப்பு அனுமதி செல்லும் என்பது 1992இல் மதுரை மீனாட்சி மில் வழக்கில். தற்காலிக வேலை நிறுத்திவைப்புக்கான அனுமதி செல்லும் என்பது 1995இல் பாபநாசம் தொழிலாளர் சங்கத்துக்கும் மதுரா கோட்ஸுக்கும் இடையிலான வழக்கில்.

முதலாளிகளின் குறை இங்கே நியாயமானது என்றே நினைக்கிறேன். சட்டப்படி மூடுவதற்கு விண்ணப்பித்தால் அதைத் தீர்மானிப்பது கணக்கு வழக்கு தெரிந்த நடுவர் அல்ல, அரசு. தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது எந்தத் தொழிலாளர் துறை அமைச்சர் எண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பும் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? ஆகவே நலிந்த ஆலைக்காரர்கள் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. பஞ்சு வாங்குவதை நிறுத்தினார்கள், மின்கட்டணம் கட்டாமல் விட்டார்கள், ஒருநாள் ஆலை தானாக நின்றது. காகிதத்தில் மூடாத ஆலைக்கு மூடல் இழப்பீடு ஏது? பணிக்கொடைக்கும் பி.எஃப். பாக்கிக்கும் வழக்கு நடத்தியே காலம் போன தொழிலாளர்கள் பஞ்சாலை நகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. தொழிலாளியைக் காக்க வந்த அனுமதி, நேர்மையாக மூட நினைத்தவரையும் ஓடி ஒளிபவரையும் ஒரே வழியில் அனுப்பிவிட்டது.

ஆனால் அதற்கு முதலாளிகள் சங்கங்கள் சொன்ன மருந்துதான் எனக்கு விளங்காதது. அனுமதியை எடுத்துவிட்டு இழப்பீட்டைக் கணிசமாக உயர்த்தலாம் என்ற யோசனையும் விவாதத்தில் இருந்தது. சட்டம் 1953 முதல் சொல்லிவரும் இழப்பீடு, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். இது எவ்வளவு குறைவு என்பதற்கு மறைமலை நகர் சாட்சி. ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை இறக்கியது. தொழிலாளர்களோடு பேசிப் பேசிக் கடைசியில் ஆண்டுக்கு நூறு நாள் ஊதியத்துக்கும் மேல் கொடுத்துத்தான் வெளியேற முடிந்தது. சட்டம் சொன்ன தொகைக்கும் மேசையில் படிந்த தொகைக்கும் இடையில் பல மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியை உண்டாக்கியதில், அரசு அனுமதி தராமல் போகலாம் என்ற பயத்துக்கும் பங்கு உண்டு. தொழிலாளியிடம் இருந்த ஒரே துருப்பு அது. புதிய தொகுப்பு 15 நாளை 15 நாளாகவே வைத்துவிட்டு, ஆட்குறைப்பு செய்யப்படுபவருக்கு மறுதிறன் நிதியாக இன்னொரு 15 நாள் ஊதியம் தரச் சொல்கிறது. முந்நூறுக்குக் கீழே உள்ளவருக்கு அனுமதியும் இல்லை, உயர்ந்த இழப்பீடும் இல்லை. முந்நூறுக்கு மேலே பழைய அனுமதி அப்படியே நிற்கிறது. போதாததற்கு, அரசு விரும்பினால் முந்நூறை அறிவிக்கை மூலமே உயர்த்திக்கொள்ளலாம். பத்தாண்டுக்கு முதலீட்டுக் கணக்குப் போடுபவருக்கு எந்த நேரமும் மாறக்கூடிய எண்ணால் என்ன பயன்?

நூறு என்ற எண் தொழில் வளர்ச்சியை நிஜமாகவே தடுத்ததா? டிமோதி பெஸ்லியும் ராபின் பர்கஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வுதான் முதலாளிகள் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டுவது. மாநிலங்கள் செய்த திருத்தங்களைத் தொழிலாளர் சார்பு, முதலாளி சார்பு என்று குறியிட்டு, தொழிலாளர் சார்பு மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலை உற்பத்தி பின்தங்கியது என்றார்கள். அந்தக் குறியீட்டில் தமிழ்நாடு முதலாளி சார்பு. போகட்டும், கேரளமும் முதலாளி சார்பு, குஜராத் தொழிலாளர் சார்பு! ஆலப்புழையிலும் அகமதாபாத்திலும் தொழில் நடத்தியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரேயொரு சிறு திருத்தத்தை வைத்து ஒரு மாநிலத்துக்கே முத்திரை குத்திவிட்டார்கள் என்று டெல்லிப் பொருளாதாரப் பள்ளியின் ஆதித்ய பட்டாச்சார்ஜியா 2006இல் விரிவாக மறுத்தார். மறுப்பைப் படித்தவர்கள் குறைவு. முதல் ஆய்வு இன்னும் அறிக்கைகளில் நடமாடுகிறது. உலக வங்கி 2014இல் இந்திய நிறுவனங்களிடம் நேரடியாகவே தடைகளைக் கேட்டபோது ஊழல், மின்சாரம், வரி ஆகியவை முன்வரிசையில் வந்தன. தொழிலாளர் சட்டம் பின்னால்தான் நின்றது. மேடையில் பேசும் முதலாளி வேறு, வினாத்தாளை நிரப்பும் முதலாளி வேறு என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. சட்டம் தரமறுத்த நெகிழ்வைப் பெரிய நிறுவனங்கள் எப்போதோ வேறு வழியில் வாங்கிவிட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுபெற்ற ஆலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மத்திய அரசின் ஆலைக் கணக்கெடுப்புப்படி இன்று பத்துக்கு நான்கு பேர். 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில், ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் அந்தத் தொழிலாளர்களைத் தானாகவே நிரந்தரமாக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனிதவளத் துறைகளுக்கு அது பெரிய நிம்மதி. 2016இல் ஆயத்த ஆடைத் தொழிலுக்கும் 2018இல் எல்லாத் துறைக்கும் குறித்த கால வேலைமுறை அனுமதிக்கப்பட்டது. அப்ரண்டிஸ், டிரெய்னி என்ற பெயர்களில் ஆள் எடுப்பது இன்னொரு வாசல்.

தமிழ்நாட்டில் இதன் முகம் கொஞ்சம் வேறு. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒன்று இங்கே உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் என்பது அதன் சாரம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆலை நிர்வாக அலுவலகங்களில் ‘480’ என்பது ஆளை எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கான நாள் கணக்காக மாறியது. நானூறு நாளைத் தாண்டியவரின் பெயர் தனிப் பட்டியலில் ஏறும். ஒரு ‘பிரேக்’ கொடுப்பார்கள், அல்லது வேறொரு கான்ட்ராக்டர் பெயரில் அதே மெஷினில் அதே ஆள் மறுநாள் நிற்பார். கைதேர்ந்தவரை வெளியே அனுப்பிவிட்டுப் புதியவருக்கு முதலிலிருந்து சொல்லித்தருவதில் நட்டம்தானே என்று சூப்பர்வைசர்களே முணுமுணுப்பதுண்டு. அந்த நட்டத்தை எந்த முதலாளிகள் சங்கமும் கூட்டிப் பார்த்து மனுவில் எழுதியதாகத் தெரியவில்லை.

பதினெட்டுப் பேர் வேலைசெய்யும் லேத் பட்டறைக்கு வருவோம். இவருக்கு நூறும் முந்நூறும் வேற்றுக் கிரகத்துச் செய்தி. இவரை உறுத்தும் எண்கள் பத்தும் இருபதும். புதிய தொகுப்புகள் வரும்வரை, மின்சாரம் வைத்துப் பத்துப் பேர் வேலை பார்த்தால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பத்துப் பேருக்கு ஈ.எஸ்.ஐ.; இருபது பேருக்கு பி.எஃப். பத்தொன்பதாவது ஆளோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த மெஷினை மனைவி பெயரில் வேறு ஜி.எஸ்.டி. எண்ணில் பக்கத்து ஷெட்டில் போடுவது இந்தத் தொழில் பேட்டைகளில் ரகசியமே அல்ல. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் பதிவேடு, விடுப்புப் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்தில் ஒரு லேபர் கன்சல்டன்ட். பட்டறைக்காரருக்குச் சட்டம் தெரியாது, கன்சல்டன்ட்டைத் தெரியும். கன்சல்டன்ட்டுக்கு இன்ஸ்பெக்டரைத் தெரியும். வளர விடாமல் தடுப்பது சம்பளச் செலவைவிட இந்த இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் பயம்தான்.

அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் டீம்லீஸும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தொழில் நடத்துபவர் மீதுள்ள 69,233 நிபந்தனைகளில் 26,134க்குச் சிறைத் தண்டனை உண்டு என்று எண்ணிக் காட்டியது. டீம்லீஸ் ஆள் வழங்கும் நிறுவனம், நிபந்தனைகளைக் கவனித்துக்கொடுப்பதும் அதன் வியாபாரம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். நாடு முழுக்க உள்ள எல்லாத் துறை விதிகளையும் கூட்டிய தொகை இது. தனியொரு பட்டறையின் மேல் இத்தனையும் விழுவதில்லை. ஆனாலும் பதிவேட்டில் ஒரு கட்டம் விடுபட்டதற்கும் பாய்லர் வெடிக்கும்படி விட்டதற்கும் ஒரே சிறைவாசலைக் காட்டும் சட்டம், லஞ்சத்துக்கு வைத்த விலைப்பட்டியல்தான் என்று சிறுதொழில்காரர்கள் சொல்வதை மறுக்க முடியாது. புதிய தொகுப்புகள் இங்கே கொஞ்சம் செய்திருக்கின்றன. பதிவேடுகள் குறைகின்றன, பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் அபராதம், இன்ஸ்பெக்டர் இனி ‘ஆய்வாளர் - உதவியாளர்’. தொழிற்சாலை என்பதற்கான வரம்பு பத்திலிருந்து இருபதாக, மின்சாரம் இல்லாத இடத்தில் இருபதிலிருந்து நாற்பதாக உயர்கிறது. பதினெட்டுப் பேர் பட்டறை இதனால் தொழிற்சாலையே இல்லை என்றாகிவிடும். பவர் பிரஸ்ஸில் விரல் போவதும் இதுபோன்ற பட்டறைகளில்தான். மற்ற சலுகைகளோடு பாதுகாப்பு வரம்பையும் சேர்த்து உயர்த்தும்படி எந்தச் சிறுதொழில்காரரும் உயிரை விட்டுக் கேட்டதாக நான் பார்க்கவில்லை.

2020இல் ஊரடங்கின்போது முதலாளிகளுக்குள் இருந்த பிளவு வெளியே தெரிந்தது. உத்தரப் பிரதேசம் அநேகமாக எல்லாத் தொழிலாளர் சட்டங்களையும் மூன்று வருடத்துக்கு நிறுத்திவைக்கப் புறப்பட்டது. குஜராத் 12 மணி நேர வேலையை இரட்டிப்பு ஓவர்டைம் இல்லாமல் அனுமதித்தது. அதை உச்ச நீதிமன்றம் அக்டோபரில் ரத்து செய்தது. தொழில் அமைப்புகள் சில இத்தகைய தளர்வுகளுக்காக அரசிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தொழிலாளர் சட்டங்களை நிறுத்திவைக்கும் பேச்சு அதிர்ச்சி தருகிறது என்று விப்ரோவின் அசிம் பிரேம்ஜி பத்திரிகையில் எழுதினார். அந்தச் செப்டம்பரில்தான், எதிர்க்கட்சிகள் வெளிநடப்பில் இருந்த மாநிலங்களவையில், மூன்று தொகுப்புகள் நிறைவேறின.

மூன்று ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்குள் நாளுக்கு 12 மணி நேரம்வரை வேலை நேரத்தை மாற்றியமைத்துக்கொள்ள ஆலைகளுக்கு விலக்களிக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. மின்னணுத் தொழிலில் முதலீட்டை ஈர்க்க என்று காரணம் சொன்னார்கள். கர்நாடகம் பிப்ரவரியிலேயே அதைச் செய்திருந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்ய, மூன்றாம் நாள் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. இந்தக் கூச்சலில் அமுங்கிப்போன சங்கதி ஒன்று. திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு, அதாவது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை, பல காலமாக நடைமுறை. பீஸ் ரேட்டில் தைப்பவர் அதைத் தன் வருமானமாகப் பார்க்கிறார், உரிமையாளர் டெலிவரி தேதியாகப் பார்க்கிறார். அவர்கள் யாருக்கும் அந்த மசோதா தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, சர்வதேச பிராண்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பெரிய ஆலைகளுக்கு. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று சட்டப்படி எழுதிவைத்தால்தான் ஆடிட்டில் தேற முடியும். சட்டத்தை மதித்தே தீரவேண்டிய முதலாளிதான் சட்டம் மாற வேண்டும் என்று கேட்கிறார். மதிக்காமலே ஓட்டுபவர் வாய் திறப்பதில்லை.

சங்கம் என்ற விஷயத்தில் முதலாளிகளின் வாதம் எல்லாவற்றிலும் பலவீனமானது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளத்தைவிடப் பெரிய பிரச்சினை, சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கத்தை ஏற்பதா என்பது. நிர்வாகம் தன் தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசத் தயார் என்றது. வெளித்தலைவர் இருக்கும் சங்கத்தோடு பேச மறுத்தது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக்கூடாது என்று வர்த்தகச் சின்ன வாதமும் கிளம்பியது. உயர் நீதிமன்றம் போய் 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. வாடியாவுக்கு பின்னி சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வெளியாள் வரவேண்டாம். பன்னாட்டு நிறுவனங்கள் முன்னறிந்து செயல்படக்கூடிய சூழலை விரும்புகிறோம் என்கின்றன. ஆனால் ஒரு சங்கம், ஓர் ஒப்பந்தம், மூன்றாண்டுக்கு அமைதி என்பதைவிட முன்னறிந்து செயல்படக்கூடியது எது? திருப்பூர் பனியன் சங்கங்கள் முதலாளிகளோடு பல ஆண்டுகளாகக் கூலி ஒப்பந்தம் போட்டுவருவதையும் அங்கே தொழில் அதனால் நின்றுவிடாததையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

புதிய தொழிலுறவுத் தொகுப்பு 51 சதவீதத் தொழிலாளர்களைக் கொண்ட சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்கு ஒருவர் என்று கூட்டுக்குழு. மத்தியச் சட்டத்தில் இதுவரை இல்லாத ஏற்பாடு இது. தொழிலாளர் கேட்டு வந்தது. கூடவே, எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் ஒன்றாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். இது முதலாளிகள் கேட்டு வந்தது. நிர்வாகங்கள் இரண்டாவதை வரவேற்றுப் பேசிய அளவுக்கு முதலாவதைப் பற்றிப் பேசவில்லை.

எதிர்பாராத அடி ஊதியத் தொகுப்பிலிருந்து வந்தது. படிகளின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை முப்பது, நாற்பது சதவீதத்தில் வைத்து மீதியை வீட்டு வாடகைப்படி, சிறப்புப்படி என்று பிரித்துப் பணிக்கொடையைக் குறைத்துவந்த பழக்கத்துக்கு இது முட்டுக்கட்டை. இதைப் பெரிதாக அனுபவித்தவை ஆலைகள் அல்ல, மென்பொருள் நிறுவனங்கள். டி.சி.எஸ்., இன்போசிஸ் இரண்டும் அடுத்த காலாண்டுக் கணக்கிலேயே புதிய சட்டத்துக்காகத் தலா ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கீடு காட்டின. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பதும் சேர்ந்துகொண்டது. முந்நூறு என்ற எண்ணுக்காகப் பல வருடம் வாதாடிய தொழில் கூட்டமைப்புகளின் உறுப்பினர்கள், கையெழுத்தான பிறகு முதலில் கட்டிய பில் அந்த எண்ணுக்கே சம்பந்தமில்லாதது.

தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் இருப்பதால் விதிகளை மாநிலங்களும் எழுத வேண்டும். மத்திய ஆலைக்கு ஒரு விதி, மாநில ஆலைக்கு வேறு விதி, 480 நாள் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்கள் இவற்றோடு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி என்று கன்சல்டன்ட்டுகளுக்கு வேலை குறையப்போவதில்லை. இவற்றையெல்லாம் அரசும் முதலாளிகளும் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கென்றே இந்தியத் தொழிலாளர் மாநாடு என்ற அமைப்பு இருக்கிறது. அது கடைசியாகக் கூடியது 2015இல். தொகுப்புகள் எழுதப்பட்டது, நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது எல்லாம் அது கூடாத பத்தாண்டில்தான். அதைக் கூட்டச் சொல்லித் தொழிற்சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன; முதலாளிகள் கூட்டமைப்புகளிடமிருந்து அதே வேகத்தில் ஒரு கோரிக்கை வந்ததாகத் தெரியவில்லை.